கண்ணில் புழு என்றால் எங்கே போவது? தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கிடைக்கும் அறுவை சிகிச்சை: ஒரு மதிப்பீடு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கண் ஒட்டுண்ணிக்குக் கிடைக்கும் அறுவை சிகிச்சையை ஒரே சேவையாக வைத்து மதிப்பெண் போட முடியாது. கண்ணின் மேற்பரப்பில் நெளியும் புழுவை எடுப்பதற்கு இரண்டு மாவட்டமும் போதும். கண்ணுக்கு உள்ளே, விழித்திரைப் பக்கம் போய்விட்ட நீர்க்கட்டிக்கு வெளியூர்தான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பெரிய ஊர்களிலும் விழித்திரை அறுவை எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதில்லை. ஆனால் எது மேலே இருக்கிறது, எது உள்ளே இருக்கிறது என்று முதலில் பார்க்கிறவர் பிரித்துச் சொல்ல வேண்டும். அங்கே சறுக்கினால், பிறகு எங்கே கொண்டுபோனாலும் பார்வையை மீட்பது கடினம். அதனால் இந்த மதிப்பீட்டில் கட்டடத்தையும் கூட்டத்தையும் விட, அந்த முதல் பரிசோதனைக்குத்தான் அதிக எடை.

ஒட்டுண்ணி கண்ணுக்கு வரும் வழிகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கத்தில் உண்டு. தெருநாயும் கொசுவும் சேர்ந்தால் ஒரு புழு. செம்மறி ஆட்டுப் பட்டியிலிருந்து இன்னொன்று. ஏரி, குளத்தில் குளிக்கும் பிள்ளைகளுக்கு வேறொன்று. மனித மலம் கலந்த தண்ணீரில் கழுவிய பச்சைக் காய்கறியிலிருந்து நாடாப்புழுவின் முட்டை. ஒவ்வொன்றுக்கும் கத்தி வைக்கும் விதம் வேறு. சிலவற்றில் கத்தியே வேண்டாம்.

வெண்படலத்தின் அடியில் நெளியும் புழு

"கண்ணில் நூல் மாதிரி ஏதோ ஓடுது" என்று சொல்லி வருகிறவர்களை அலட்சியமாக அனுப்பிவிடக் கூடாது. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், அதிகம் பதிவாகியிருப்பது டைரோஃபைலேரியா ரெபென்ஸ் என்ற நாய்ப்புழு. நாயின் தோலுக்கடியில் வாழ்வது. கொசு கடித்து மனிதருக்கு வருகிறது. மனித உடலில் அது பெரும்பாலும் தனிப் புழுவாகவே இருப்பதால் குஞ்சு பொரித்துப் பரவுவதில்லை. விழியின் வெண்படலத்துக்கு அடியிலிருந்து எடுக்கும் புழு பொதுவாக 5 முதல் 15 சென்டிமீட்டர் வரை நீளம் இருக்கும். அவ்வளவு நீளமா என்று நோயாளியின் வீட்டார் அதிர்ந்துபோவார்கள். சுருண்டு கிடப்பதால் வெளியே தெரிவது அதில் ஒரு துண்டுதான்.

இந்த அறுவைக்குத் தேவையானவை ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) அல்லது ஆபரேஷன் மைக்ராஸ்கோப், மரத்துப்போகும் சொட்டு, இமை விரிப்பான், பல்லில்லாத ஃபோர்செப்ஸ் (சிறு இடுக்கி) இரண்டு, வெண்படலம் வெட்டும் சிறு கத்தரிக்கோல். கண்புரை அறுவை நடக்கும் எந்தத் தியேட்டரிலும் இவ்வளவும் இருக்கும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதலும், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதலும் இயங்குகின்றன. ஓசூரிலும் தனியார் கண் மருத்துவமனைகள் உண்டு. ஆகவே இந்த ஒரு வேலைக்கு மட்டும் பெங்களூருக்கோ சேலத்துக்கோ வண்டி ஏறுவது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு. வண்டியில் போகும் நேரத்தில் புழுவே இடம் மாறிவிடும்.

செய்முறை இப்படித்தான் இருக்க வேண்டும். புரோபராகைன் 0.5 சதவீதச் சொட்டை இரண்டு மூன்று முறை விட்டு, 5 சதவீத போவிடோன் அயோடின் சொட்டால் கண்ணைச் சுத்தம் செய்வார்கள். இமை விரிப்பானை வைத்ததும் புழு எங்கே அசைகிறது என்று பார்த்து, வெண்படலத்தையும் சேர்த்துப் புழுவை ஃபோர்செப்ஸால் பிடித்து நிறுத்த வேண்டும். முதலில் பிடி, அப்புறம்தான் வெட்டு. பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் 2, 3 மில்லிமீட்டர் கீறினால் புழுவின் ஒரு மடிப்பு வெளியே வரும். அதை இரண்டு ஃபோர்செப்ஸாலும் மாற்றி மாற்றிப் பிடித்து, இழுபடாமல் மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். கீறல் சிறிதாக இருந்தால் தையல் தேவையில்லை. பெரிதானால் 8-0 விக்ரில் ஒரு தையல் போதும். ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு. அதோடு முடிந்தது.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது ஊசி. வெண்படலத்துக்கு அடியில் மரத்துப்போகும் மருந்தைத் தாராளமாக ஏற்றினால் அந்த இடம் நீர்க்கொப்புளமாக வீங்கி, புழு அதற்குள் மறைந்துவிடும். அல்லது கண்குழிக் கொழுப்புக்குள் நழுவிப்போகும். சொட்டு மருந்தே போதும். ஊசி கட்டாயம் வேண்டுமென்றால் புழுவைப் பிடித்த பிறகு, கொஞ்சமாக. இரண்டாவது தாமதம். சனிக்கிழமை மதியம் வந்தவரிடம் திங்கள் காலை தியேட்டருக்கு வாருங்கள் என்று சொன்னால், திங்களன்று கண் சிவந்திருக்கும், புழு இருக்காது. புழு தெரியாத கண்ணைக் கிளறித் தேடுவது தவறு. அப்படி மறைந்துபோனால், மறுபடி தெரிந்ததும் உடனே கைப்பேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு வரச் சொல்வதே சரி. அந்த வீடியோ மருத்துவரின் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும். மூன்றாவது பல்லுள்ள ஃபோர்செப்ஸ். அது புழுவை அறுத்துவிடும். உள்ளே தங்கும் துண்டால் அழற்சி வரும்.

எடுத்த புழுவை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நல்ல ஆஸ்பத்திரிக்கும் சுமாரான ஆஸ்பத்திரிக்கும் வித்தியாசம் தெரியும். சலைனில் போட்டு நீளம் அளந்து, படம் எடுத்து, பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் வைக்க வேண்டும். பழக்கத்தில் எல்லோரும் ஃபார்மலின் குப்பியைத்தான் எடுப்பார்கள். ஃபார்மலின் திசுப் பரிசோதனைக்குச் சரி, ஆனால் மரபணுப் பரிசோதனையைக் கெடுத்துவிடும். ரெபென்ஸ் புழுவின் தோலில் நீளவாக்கில் வரிவரியான மேடுகள் இருக்கும். அதன் உறவான இமிட்டிஸ் புழுவின் தோல் வழவழப்பாக இருக்கும். நாய்ப்புழுக்களை அன்றாடம் பார்க்கிறவர்கள் கால்நடைத் துறையினர்தான்; நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும்போது இங்கிருந்து மாதிரி அனுப்புவது பெரிய தூரமில்லை. குப்பையில் போட்டுவிட்டு, சந்தேகத்துக்காக மாதக்கணக்கில் யானைக்கால் மாத்திரை கொடுப்பது தேவையற்ற வேலை. இந்தப் புழுவை முழுதாக எடுத்தால் அதுவே சிகிச்சை. இரத்தத்தில் புழுக்குஞ்சு இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை செய்வது நல்லது, பெரும்பாலும் இருக்காது.

ஆப்பிரிக்காவில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர் என்றால் கதை வேறு. அங்கே கண்ணில் நெளிவது லோவா லோவா. அந்தப் புழுவின் குஞ்சுகள் இரத்தத்தில் ஏராளமாக இருக்கும் நிலையில் மாத்திரை கொடுத்தால் மூளை பாதிக்கும். பயணம் போனீர்களா என்று கேட்காமல் மாத்திரை எழுதுகிறவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆட்டுப் பட்டியிலிருந்து வருவது

செம்மறி ஆட்டின் மூக்கில் புழு விடும் ஒரு ஈ உண்டு. ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் என்று பெயர். அது முட்டையிடுவதில்லை, பறந்துகொண்டே உயிருள்ள புழுக்களைப் பீய்ச்சிவிட்டுப் போகும். ஆட்டின் மூக்குக்குப் பதிலாக மேய்ப்பவரின் கண்ணில் அடித்துவிட்டால், சட்டென்று எதுவோ மோதியது போலிருந்து சில மணி நேரத்தில் கண் சிவந்து, உறுத்தி, நீர் கொட்டும். மெட்ராஸ் ஐ என்று நினைத்துச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

ஒவ்வொரு புழுவும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கண்ணாடி போன்ற உடல், முனையில் இரண்டு கறுப்புக் கொக்கி. வெளிச்சம் பட்டால் இமைக்குள் ஓடி ஒளியும். அதனால் ஸ்லிட் லேம்பின் ஒளியை மங்க வைத்து, மேலிமையைப் புரட்டி, மடிப்பு முழுவதும் தேட வேண்டும். லிக்னோகெய்ன் 4 சதவீதச் சொட்டு விட்டால் புழு மரத்து, கொக்கிப் பிடி தளரும். அப்போது நுண் ஃபோர்செப்ஸால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். சொட்டு விடாமல் தண்ணீர் பீய்ச்சினால் வராது, கொக்கி மாட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு எடுத்ததும் முடிந்தது என்று விடக்கூடாது. மறுநாள் ஒருமுறை வரச் சொல்லி மீண்டும் இமையைப் புரட்டிப் பார்ப்பதே முறை. அவசரப் புறநோயாளிப் பிரிவில் இதைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சேவைக்கு மாவட்டத்தில் முழு மதிப்பெண் கொடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: ஸ்லிட் லேம்ப் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் இந்தப் புழு கண்ணில் படாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கண் மருத்துவ உதவியாளர், ஆடு மேய்ப்பவரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது சரியல்ல.

ஈயால் வரும் புழுக்களில் கொடூரமானது இன்னொன்று. ஆறாத புண், இமையில் புற்றுநோய், படுத்த படுக்கையான முதியவர் என்ற நிலையில் கிரைசோமியா என்ற ஈயின் புழு கண்குழிக்குள் இறங்கித் தசையைத் தின்னும். இதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் தீராது. புண்ணைச் சுற்றி டர்பெண்டைன் எண்ணெய் நனைத்த துணியால் மூச்சுத் திணற வைத்து வெளியே வரவழைத்து எடுப்பார்கள், ஐவர்மெக்டின் மாத்திரை எடைக்கு ஏற்பத் தருவார்கள், அழுகிய சதையை வெட்டி நீக்குவார்கள். கண்ணையே எடுக்க வேண்டி வரலாம். இது கண் பிரிவும் பொது அறுவைப் பிரிவும் சேர்ந்து பார்க்க வேண்டியது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிதான் சரியான இடம். தனிக் கிளினிக்கில் உட்கார்ந்து நாளைக் கடத்த வேண்டாம்.

குளத்து நீர்

பிள்ளைகளின் கண்ணில் வெண்படலத்தின் மேலோ, கருவிழிக்குப் பின்னால் கீழ் ஓரத்திலோ முத்துப் போன்ற வெள்ளைக் கட்டி தெரிந்தால், எந்தக் குளத்தில் குளிக்கிறான் என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் குளம், ஆற்றில் குளித்த பிள்ளைகளுக்கு வந்த இந்தக் கட்டிகளுக்குக் காரணம் ஒரு தட்டைப்புழு என்பதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 2016-இல் அந்தப் புழு புரோசெரோவம் வேரியம் என்று மரபணு மூலம் அடையாளமானது. மெலனாய்ட்ஸ் டியூபர்குலேட்டா என்ற நன்னீர் நத்தை வழியாக அது தண்ணீருக்கு வருகிறது. சிறிய கட்டி, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டுக்குக் கரையும். பெரிதாக இருந்தால் கருவிழி ஓரத்தில் சிறு துளை போட்டு உறிஞ்சி எடுக்கிறார்கள். வெண்படலக் கட்டியை வெட்டி எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். காசநோய்க் கட்டியும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். ஆகவே பரிசோதனையே இல்லாமல் காசநோய் மாத்திரையை ஆரம்பிக்கும் இடத்தில் இன்னொருவரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை.

குளத்து நீரால் வரும் இன்னொரு தொல்லை ரைனோஸ்போரிடியோசிஸ். சிவப்பாக, மேலே வெள்ளைப் புள்ளி புள்ளியாகத் தொங்கும் சதை. தொட்டால் இரத்தம். வெண்படலத்தில் வந்தால் காம்பையும் அடியையும் முழுதாக வெட்டி, அடியை மின்சூட்டால் சுட வேண்டும். பாதி எடுத்தால் திரும்பி வரும். கண்ணீர்ப் பையில் வந்தால் கவனம் கூடுதலாக வேண்டும். கண்ணீர்ப் பை அடைப்புக்கு வழக்கமாகச் செய்யும் மூக்குக்கு வழி திறக்கும் அறுவையை இதில் செய்தால் நோயை மூக்குக்குள் கொண்டுபோய் விட்டதாகும். பையை முழுதாக எடுப்பதுதான் சரி. பையின் வீக்கம் வழக்கத்தை விடப் பரந்து, அமுக்கினால் இரத்தம் கலந்த நீர் வந்தால், தண்ணீர் பாய்ச்சிப் பார்க்கும்போது வழி திறந்தே இருந்தாலும், இதைச் சந்தேகிக்க வேண்டும். திரும்பி வராமல் இருக்க டாப்ஸோன் 100 மில்லிகிராம் சில மாதம் கொடுக்கிறார்கள். அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதி போதுமா என்று இரத்தப் பரிசோதனை அவசியம், அது குறைவாக உள்ளவருக்கு இந்த மருந்தால் இரத்த அணுக்கள் உடையும். மூக்கையும் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பதால் இதற்கும் மருத்துவக் கல்லூரியே வசதி.

உள்ளே போன கட்டி

இனி முக்கியமான பகுதி. பன்றி நாடாப்புழுவின் முட்டை வாய் வழியே உள்ளே போய், குடலில் உடைந்து, இரத்தத்தில் பயணம் செய்து கண்ணில் தங்கினால் நீர்க்கட்டியாகும். சிஸ்டிசெர்கோசிஸ் என்பது இதுதான். நாங்கள் பன்றிக்கறியே தொடுவதில்லையே என்று சொல்வதில் பயனில்லை. கறி தின்றால் வருவது குடலில் நாடாப்புழு. கட்டி வருவது நாடாப்புழு உள்ளவரின் மலத்திலிருந்த முட்டை, தண்ணீர் வழியாகவோ கைவழியாகவோ நம் வாய்க்கு வருவதால். சுத்த சைவத்துக்கும் வரும்.

கட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிகிச்சை தலைகீழாக மாறுகிறது. கண்ணை அசைக்கும் தசையில் இருந்தால் அறுவை வேண்டாம். அல்பெண்டசோல் நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 4 வாரம். கூடவே பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பது. 40 கிலோ பிள்ளைக்கு 600 மில்லிகிராம், காலை 300, இரவு 300, எண்ணெய்ப் பசை உள்ள சாப்பாட்டோடு. கல்லீரல் பரிசோதனையும் இரத்த அணு எண்ணிக்கையும் இடையில் ஒருமுறை. பள்ளியில் குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஒற்றை மாத்திரையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெண்படலத்துக்கு அடியில் கட்டி இருந்தால் மாவட்டத்திலேயே எடுக்கலாம். வெண்படலத்தைக் கீறி, கட்டியை உடைக்காமல் மழுங்கிய முனையால் சுற்றிப் பிரித்து, முழுதாக எடுத்து, திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

கட்டி கண்ணுக்கு உள்ளே இருந்தால் மாத்திரையே எதிரி. அல்பெண்டசோல் கட்டிக்குள் இருக்கும் புழுவைக் கொல்லும். செத்த புழுவின் நச்சு கண்ணுக்குள் கொட்டி, சில நாட்களில் கண் முழுதும் சீறிச் சிவந்து, பார்வை நிரந்தரமாகப் போய்விடும். உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்பது இதனால்தான். தலைவலி, வலிப்பு என்று மூளையில் சிஸ்டிசெர்கோசிஸ் கண்டுபிடித்தவர்களுக்கும் மாத்திரை தொடங்கும் முன் கண் பாப்பாவை விரித்து விழித்திரை பார்க்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. நரம்பியல் மருத்துவரின் சீட்டில் அல்பெண்டசோல் இருந்து, கண் பரிசோதனைச் சீட்டு அதனுடன் இல்லையென்றால், மருந்துக் கடைக்கு முன் கண் மருத்துவரிடம் போங்கள்.

இதைக் கண்டுபிடிக்க மாவட்டத்தில் தேவையானது இரண்டு விஷயம்தான். ஒன்று, பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டு, தலையில் மாட்டும் மறைமுக ஆப்தால்மோஸ்கோப்பால் ஓரம் வரை பார்ப்பது. விழிப்பாய்மத்தில், அதாவது கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லில், ஒரு பாசிமணி போன்ற கட்டியும் அதற்குள் வெள்ளைப் புள்ளியும் தெரியும். அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. ஒளி பட்டால் அசையும். இரண்டு, பி ஸ்கேன், அதாவது கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட். கண்புரை முற்றி உள்ளே தெரியாதபோது ஸ்கேன்தான் வழி. வட்டமான கட்டி, சுவரோடு ஒட்டிய பளீரென்ற புள்ளி என்று எழுதியிருந்தால் சந்தேகம் வேண்டாம். இந்த அறிக்கையில் கட்டி எந்த இடம், விழித்திரைக்கு மேலா கீழா, விழித்திரை கழன்றிருக்கிறதா என்ற மூன்றும் இருக்க வேண்டும். "கண்ணில் கட்டி, மேல்சிகிச்சைக்கு" என்று ஒரே வரியில் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டுக்கு மதிப்பில்லை. போகும் இடத்தில் எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பிப்பார்கள்.

அறுவை வெளியூரில்தான். விழிப்பாய்ம அறுவை இயந்திரமும் விழித்திரை நிபுணரும் சேர்ந்து இருக்கும் இடம் வேண்டும். கண்வெள்ளையில் மூன்று சிறு துளை: ஒன்றில் உப்புநீர் உள்ளே, ஒன்றில் விளக்கு, ஒன்றில் வெட்டி உறிஞ்சும் கருவி. கட்டி ஜெல்லில் மிதந்தால், கருவியால் அங்கேயே வெட்டி உறிஞ்சிவிடுவது இப்போது ஏற்கப்பட்ட முறை. உப்புநீர் ஓடிக்கொண்டே இருப்பதால் நச்சு கழுவப்பட்டு வெளியேறும். விழித்திரைக்கு அடியில் இருந்தால், அதில் ஒரு சிறு வாசல் திறந்து, கட்டியை மேலே கொண்டுவந்து எடுத்து, வாசலைச் சுற்றி லேசர் போட்டு, கண்ணுக்குள் வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புவார்கள். முன்கூட்டியே ஸ்டீராய்டு மாத்திரை. மைய விழித்திரைக்குக் கீழே கட்டி இருந்திருந்தால், அறுவை சுத்தமாக முடிந்தாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. இதை முன்னரே சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

கண்குழிக்குள் வரும் ஹைடாடிட் கட்டியும் (நாயின் நாடாப்புழுவால் வரும் நீர்க்கட்டி) ஆடு நாய்ச் சுழற்சியில் வருவதுதான். அபூர்வம். கண் முன்னால் தள்ளிக்கொண்டு வரும். உடைந்தால் ஒவ்வாமை அதிர்ச்சி வரும் என்பதால் மயக்க மருந்து நிபுணர் தயாராக இருக்கும் தியேட்டரில்தான் கை வைக்க வேண்டும். மாவட்டத்தில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கும் ஆர்வம் வேண்டாம்.

கருவிழியைத் தின்னும் அமீபாவைப் பற்றிச் சுருக்கமாக. மண், சருகு, அழுக்குத் தண்ணீர் பட்ட காயத்தில் அகாந்தமீபா வருகிறது. நம் நாட்டில் இதற்குக் கான்டாக்ட் லென்ஸை விட மண்ணும் தண்ணீருமே அதிகக் காரணம். கருவிழிப் புண்ணைச் சுரண்டி 10 சதவீத கேஓஹெச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் ஸ்டீராய்டு சொட்டு தொடங்குவதும், வீட்டில் பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் ஊற்றுவதும் கண்ணைக் கெடுக்கும் வழிகள். சிகிச்சை, அமீபாவைக் கொல்லும் பிஹெச்எம்பி 0.02 சதவீதம், குளோர்ஹெக்சிடின் 0.02 சதவீதம் ஆகிய சொட்டுகள் முதல் இரண்டு நாள் இரவு பகலாக மணிக்கு ஒருமுறை, பிறகு குறைத்து மாதக்கணக்கில். எல்லா மருந்துக்கடையிலும் இவை கிடைப்பதில்லை. இதற்கும் அடங்காமல் கருவிழி மெலிந்து ஓட்டையாகும் நிலையில்தான் மாற்றுக் கருவிழி. புண்ணுக்கு வெளியே நல்ல திசு ஒரு மில்லிமீட்டர் சேர்த்து வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் புதியதிலும் நோய் ஏறும்.

எந்தப் பக்கம் வண்டி ஏறுவது

தர்மபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90, ஓசூரிலிருந்து 40. ஊத்தங்கரை, அரூர்க்காரர்களுக்குச் சேலமும் கிட்டே. அரசு வழியில் போகிறவர்களுக்குச் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி, அதற்கும் மேல் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனை, பெங்களூரில் மின்டோ அரசு கண் மருத்துவமனை. தனியாரில் மதுரை, கோவை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா. அவசரம் எவ்வளவு என்று இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே உயிரோடு இருக்கும் கட்டி சில நாளில் எடுக்க வேண்டியது. வெண்படலக் கட்டிக்கு அப்படி ஓட வேண்டியதில்லை.

காப்பீட்டுப் பக்கம் ஒரு கவனிப்பு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் முன் அனுமதி வாங்கின பிறகுதான் அறுவை. குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை, பி ஸ்கேன் அறிக்கை நான்கையும் ஒரே உறையில் வைத்துக் கொண்டுபோங்கள். பெங்களூரு பக்கம் போகிறவர்கள், அந்த ஆஸ்பத்திரி தமிழ்நாட்டு அட்டையை ஏற்குமா என்று அட்மிட் ஆகும் முன் காப்பீட்டு மேசையில் கேட்டு எழுத்தில் வாங்கவும்.

பேருந்தைத் தேர்வு செய்யும்போது யாரும் நினைக்காத விஷயம் உயரம். கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால், மேலே ஏற ஏற வெளியழுத்தம் குறைந்து வாயு விரியும். சென்னையில் கடல் மட்டத்தில் வாயு வைத்துக்கொண்டு, சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூருக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ அன்றே ஏறினால், வாயு பத்தில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். கண்ணுக்குள் அழுத்தம் எகிறும். வலி, வாந்தி, பார்வை இருட்டிக்கொண்டு வருதல் என்றால் அந்த இடத்திலேயே இறங்கி, பக்கத்திலுள்ள கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெங்களூரு சுமார் 920 மீட்டரில் இருப்பதால் அங்கே அறுவை செய்துகொண்டு ஓசூர் வருவதில் இந்தப் பிரச்சினை இல்லை. தர்மபுரிக்கு இறங்குவதிலும் இல்லை. சென்னையில்தான் அறுவை என்றால், ஊர் எவ்வளவு உயரம் என்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட்டால், வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைக்கலாமா என்று அவர் முடிவு செய்வார். எண்ணெய் உயரத்தால் விரிவதில்லை. சிலவகை வாயு முழுதும் கரைய 6 முதல் 8 வாரம் ஆகும், அதுவரை ஏற்காடு, விமானம் இரண்டும் கூடாது. வேறு அறுவைக்கு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கூடாது என்றும் சொல்ல வேண்டும். வாயு வைத்திருப்பதைக் குறிக்கும் பட்டையைக் கையில் கட்டி அனுப்புகிற ஆஸ்பத்திரிகள் உண்டு. கட்டி அனுப்பாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

எண்ணெய் வைத்தவர்கள் இன்னொரு முறை தியேட்டருக்குப் போக வேண்டும். வழக்கமாக 3 முதல் 6 மாதத்தில் எண்ணெயை எடுப்பார்கள். கண் ஓரளவு தெரிகிறதே என்று மறந்து, மாங்காய் அறுவடை முடியட்டும், பண்டிகை போகட்டும் என்று தள்ளிப்போட்டால் எண்ணெய் சிறு துளிகளாக உடைந்து, கண் அழுத்தம் ஏறி, கருவிழியும் மங்கும். இந்த இரண்டாம் அறுவையின் தேதியை வெளியேற்றச் சீட்டிலேயே எழுதித் தரும் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. இடையில் மாதம் ஒருமுறை கண் அழுத்தம் பார்ப்பதற்குப் பெரிய ஊருக்கு ஓட வேண்டியதில்லை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பார்த்து, அழுத்தத்தின் அளவைச் சீட்டில் குறித்துக்கொண்டு, அறுவை செய்த மருத்துவரிடம் காட்டினால் போதும்.